முதுமையும் மனையறமும்

மக்கள் வாழ்க்கையின் பருவங்களுள் இளமை புலவர்களாற் பெரிதும் பாடப்பெற்றது. முதுமையோ அரிதாகவே பாடப்பெற்றது. அகத்திணைப் பாடல்கள் களவிலே தொடங்கிக் கற்பிலே வளர்ந்து, பிரிவும் ஊடலும் பேசி அமைகின்றன. தலைவனும் தலைவியும் நரைத்துத் தளர்ந்தபின் ஒருவரோடொருவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாவை அவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. புறத்திணைப் பாடல்களில் முதியோர் வருகின்றனர். ஆயின் வீரனைப் பெற்ற தாயராகவோ, மன்னனுக்கு அறிவுரை கூறும் சான்றோராகவோ வருகின்றனரேயன்றிக் கணவனும் மனைவியுமாக வருதல் குறைவு. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய செய்யுள் முதுமையின் இரக்கத்தைக் காட்டுவது. கோலூன்றி, இருமலிடையே சில சொற் பேசும் முதியவர் ஒருவர், இளமையில் ஆழ்ந்த மடுவிலே பாய்ந்து மணலள்ளி வந்த நாளை அதில் நினைந்து வருந்துகிறார். அப்பாட்டின் முதியவரைச் சூழ்ந்து நிற்பவை நினைவுகளே. துணையாக ஒருவர் இருந்தமைக்கு அதிற் குறிப்பில்லை.

எனினும் இலக்கணஞ் செய்த தொல்காப்பியர் இப்பருவத்தை மறந்தாரல்லர். கற்பியலின் இறுதிப் பகுதியில் ஒரு நூற்பாவினால், காமம் நுகர்ந்து முடிந்த கடைக்காலத்தில், காவலாய் அமைந்த மக்களோடும் அறத்தை விரும்பும் சுற்றத்தோடும் கூடியிருந்து, கிழவனும் கிழத்தியும் சிறந்ததனைப் பயிலுதலே கடந்த வாழ்க்கையின் பயன் என அவர் விதித்தார். ‘சிறந்தது’ என்பதனைத் துறவு நெறியோடு சார்த்திப் பொருள் கொள்ளும் மரபு உண்டு. அம்மரபை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் அந்நூற்பாவில் இரண்டு செய்திகள் சிறப்பாக நோக்கற்பாலன. ஒன்று, சிறந்ததைப் பயிலும் வினைக்குக் கிழவன் மட்டும் எழுவாயாக வையாமல் கிழத்தியையும் உடன் வைத்தமை. மற்றொன்று, முதுமையின் நலத்தைப் புதிதாக வந்து சேரும் பேறாகக் கூறாமல், இறந்த காலத்தின் பயனாகக் கூறியமை. இளமையில் மனையறம் எவ்வாறு நடந்ததோ, அதன் விளைவே முதுமையில் உண்ணப்படும் என்பது இதனாற் போதரும்.

தொல்காப்பியர் வகுத்த இந்நெறியை அளவுகோலாகக் கொண்டு பிற்கால இலக்கியங்களை நோக்கின், மூன்று நூல்கள் தனித்து நிற்கின்றன. அவை சிலப்பதிகாரம், பெரியபுராணத்துத் திருநீலகண்டநாயனார் புராணம், பாரதிதாசனின் குடும்ப விளக்கு என்பன. இம்மூன்றும் மணவாழ்வின் தன்மை பின்னைப் பருவத்தை எவ்வாறு ஆக்கும் அல்லது அழிக்கும் என்பதனை வெவ்வேறு வகையில் ஆராய்ந்தவை. மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் தமிழர்க்கு இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. அவர்தம் வழிபாட்டிலும் வீட்டுரிமை வழக்கத்திலும் இது வேரூன்றியிருத்தலைப் பின்னர்க் காணலாம்.

சிலப்பதிகாரத்தை இளையோர் இருவரின் கதையாகவே பலரும் கற்பர். கோவலனும் கண்ணகியும் முதுமையை எய்தவில்லை என்பது உண்மையே. ஆனால் அக்காப்பியத்தினுள்ளே முதியோர் நால்வர் உளர். கோவலனைப் பெற்ற மாசாத்துவானும் அவன் மனைவியும், கண்ணகியைப் பெற்ற மாநாய்கனும் அவன் மனைவியும் ஆகிய இந்நால்வரின் கதை, மைந்தர் கதையின் நிழலாகத் தொடக்கமுதல் இறுதிவரை செல்கிறது. மனையறம்படுத்த காதையில் மணமக்களைத் தனிமனையில் இருத்தி, இல்லறத்தின் பல்வேறு கடன்களையும் தாமே நடத்திப் பெயர்பெறுமாறு வழிவகுத்தவள் கோவலனின் தாய். அவ்வில்லறம் சிதைந்தபோது முதியோர் எய்திய துன்பத்தைக் கொலைக்களக் காதையிற் கண்ணகியே எடுத்துரைக்கின்றாள். கோவலன் மனையில் இல்லாத நாட்களில் அவன் பெற்றோர் வந்து, தம் சினத்தை மறைத்து அவளைப் பாராட்டினர். அவள் தன் நோயை மறைத்துப் பொய்ம்முறுவல் காட்டினாள். அம்முறுவலைக் கண்டே அவர்கள் உள்ளம் வருந்தினர்.

இப்பகுதி திறனாய்வாளரின் கவனத்தை இன்னும் மிகுதியாகப் பெறற்குரியது. கண்ணகியின் பொறுமையைப் போற்றுவார் பலர். அப்பொறுமையின் விளைவை இளங்கோவடிகள் எவ்வாறு காட்டினார் என நோக்குவார் சிலரே. மறைக்கப்பட்ட துயரம் மறைந்துவிடவில்லை. கணவனுக்குத் தெரியாமற் போன அது, அவனைப் பெற்றவர்களுக்குத் தெரிந்தது. அடக்கப்பட்ட சொல் முறுவலாய் மாறிற்று. அம்முறுவல் முதியோர் இருவரை நோகச் செய்தது. மேலும், கணவனும் மனைவியும் தம் வாழ்வைப் பற்றி ஒருவர்க்கொருவர் ஒளிவின்றிப் பேசிக்கொண்டமை காப்பியத்தில் விரிவாக வருமிடம் இஃதொன்றே எனலாம். கோவலன் தன் பிழையை ஒப்புக்கொள்கிறான். கண்ணகி, சான்றோர் விரும்பாத ஒழுக்கத்தை அவன் மேற்கொண்டான் என்று அவன் முன்னிலையிலேயே கூறுகிறாள். அச்சொல் பிறந்த அன்றே அவன் கொலையுண்டான். மாதவியைச் சேர்ந்த காலத்திலேயே பேசப்பட்டிருக்க வேண்டிய சொல், வாழ்வின் இறுதி நாளிற் பேசப்பட்டது. இத்தாமதமே அம்மணத்தின் அவலம் என்று கொள்ளுதல் தகும்.

முதியோர் நால்வரின் முடிவை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாக அடிகள் கூறுவிக்கின்றார். மாசாத்துவான் தன் செல்வத்தைத் தானமாக வழங்கிப் பௌத்தத் துறவியரை அடைந்தான். அவன் மனைவி துயர் பொறாது உயிர் நீத்தாள். மாநாய்கன் ஆசீவகர் முன் துறவு பூண்டான். அவன் மனைவியும் உயிர் விட்டாள். தந்தையர் இருவர்க்கும் துறவு என்னும் ஒரு வழி இருந்தது. தாயர் இருவர்க்கும் மரணமே வழியாயிற்று. தொல்காப்பியர் கிழவனையும் கிழத்தியையும் ஒருசேர நிறுத்திய இடத்தில், இளங்கோவடிகள் அவர்களைப் பிரித்துக் காட்டுகிறார். காவலாகிய மக்கள் இல்லாதொழிந்தபோது, ‘சிறந்தது பயிற்றல்’ ஆண்மக்களுக்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கிவிட்டது. ஒரு மணத்தின் சிதைவு, அம்மணத்திற்கு உரியார் இருவரோடு நில்லாது, இரு குடும்பத்து முதுமையையும் அழிக்கும் என்பது இக்காப்பியம் உணர்த்தும் உண்மைகளுள் ஒன்று.

கண்ணகி வழிபாடு மட்டக்களப்பு நாட்டில் இன்றும் உயிரோடிருப்பது. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், வந்தாறுமூலை முதலிய ஊர்களில் வைகாசித் திங்களில் அம்மனுக்குச் சடங்கு நிகழ்த்திக் கண்ணகி வழக்குரை படித்துத் திருக்குளிர்ச்சி பாடுவர். வித்துவான் வி. சீ. கந்தையா 1968ஆம் ஆண்டில் அவ்வழக்குரையைப் பதிப்பித்து உலகறியச் செய்தார். ஊர் இரு சேரியாகப் பிரிந்து, ஒன்று கோவலன் கட்சியாகவும் மற்றொன்று கண்ணகி கட்சியாகவும் நின்று கொம்பு முறிக்கும் விளையாட்டும் இவ்வழிபாட்டோடு தொடர்புடையது. மலர் பறிக்கும்போது இருவர்தம் கொக்கைத் தடிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன என்னும் கதையே அதற்கு மூலமாகக் கூறப்படும். இருசேரியாரும் வசைப்பாடல் பாடி மாறுபட்டு, முடிவில் ஒன்றுகூடி அம்மனை வழிபடுவர். இவ்விளையாட்டு இன்று அருகிவிட்டதாயினும், அதன் கருத்து ஆழமானது. காப்பியத்துக் கண்ணகி உள்ளடக்கிய பிணக்கை, வாவிக்கரை மக்கள் ஊர் நடுவே வெளிப்படையாகப் பாடி, பின்னர்க் குளிரச் செய்கின்றனர். பிணக்கு இல்லாத மனை வேண்டும் என்று அவர்கள் வேண்டினாரல்லர். பிணக்கு சொல்லாக வெளிப்பட்டு, சொல்லாலேயே தணிய வேண்டும் என்பதைச் சடங்காக வகுத்தனர். அத்தணிவுக்கே குளிர்ச்சி என்று பெயரிட்டனர்.

இனி, திருநீலகண்டநாயனார் புராணத்தை நோக்குவாம் எனின், அதுவே இப்பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய இவ்வரலாறு சைவர் இல்லந்தோறும் அறியப்பட்டது. தில்லையில் வாழ்ந்த குயவர் ஒருவர் சிவனடியார்க்குத் திருவோடு வழங்கும் தொண்டினர். இறைவன் நஞ்சுண்ட கண்டத்தை நினைந்து திருநீலகண்டம் என்று ஓதுபவர். இளமைக் காலத்தில் அவர் பரத்தை ஒருத்தியின் மனைக்குச் சென்று மீண்டார். மனைவியார் ஊடினார், இல்லத்துக்குரிய பிற பணிகளெல்லாம் செய்து, உடனுறைவுக்கு மட்டும் இசையாதிருந்தார். நாயனார் இரந்து அணுகியபோது, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்றார். அவ்வாணையில் ‘எம்மை’ எனப் பன்மையாற் கூறினமையின், மற்றை மாதராரையும் மனத்தாலும் தீண்டேன் என நாயனார் உறுதி பூண்டார். அன்றுமுதல் ஒரு மனையில், அயலார் அறியாவண்ணம், மெய்யுறுதல் இன்றியே இருவரும் வாழ்ந்து முதுமை எய்தினர்.

இவ்வரலாற்றைக் கற்போர் நாயனாரின் உறுதியையே எடுத்துப் போற்றுவது வழக்கு. அடியார் பெருமை கூறும் நூலில் அதுவே தலையாய பொருள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சேக்கிழார் மாக்கவி. ஓர் உண்மையைக் கூறப்புகுந்து பல உண்மைகளைப் புலப்படுத்துபவர். அயலறியாமை என்னும் ஒரு குறிப்பினால், அம்மனையின் அகத்தையும் புறத்தையும் அவர் வேறு பிரித்துக் காட்டிவிட்டார். புறத்தார்க்கு அது குற்றமற்ற இல்லறம். மனையின் தொழில்கள் முட்டின்றி நடந்தன. அடியார்க்கு ஓடு வழங்கும் அறமும் குன்றவில்லை. அகத்திலோ, ஒரு நாட்பிழை ஒரு வாழ்நாள் முழுவதும் ஆறாமல் இருந்தது. மணம் நீடித்தது, மணத்தின் உள்ளீடு நின்றுவிட்டது. நீண்டகாலம் உடன் வாழ்தலே நன்மணத்துக்குச் சான்று என்று கருதுவார்க்கு இப்புராணம் தக்க மறுமொழியாகும்.

அம்மனைவியார் செய்தது தவறோ எனின், அன்று. பரத்தமையைப் பொறாத அவர் மானம் சேக்கிழாராற் குறைகூறப்படவில்லை. கண்ணகி உரையாதொழிந்ததை இவர் உரைத்தார். அவர் வாயினின்று எழுந்த முதன்மையான சொல் அவ்வாணை ஒன்றே. அது கதை முழுவதையும் ஆண்டது. ஆயின் அச்சொல்லுக்குப்பின் வேறு சொல் பிறவாமையே அங்கு நேர்ந்த குறை. பிழை செய்தவர் தம் பிழையை வெளிப்பட உணர்த்துதற்கு வழியின்றிப் போயிற்று. பிழை பொறாதவர் தம் சினம் ஆறியதோ என்பதை அறிவித்தற்கும் வழியின்றிப் போயிற்று. இறைவன் திருப்பெயர் இருவரையும் காத்தது. அதே பெயர் இருவர்க்கும் இடையே வேலியாயும் நின்றது.

முதுமையில் நிகழ்ந்ததைக் கவி வகுத்த முறை வியத்தற்குரியது. சிவயோகியார் வேடத்தில் வந்த இறைவன், தாம் வைத்த ஓட்டை மறையச் செய்து, அதனை நாயனார் கவர்ந்தார் என வழக்கிடுகிறார். மகனைக் கைப்பற்றி நீரில் மூழ்கிச் சத்தியஞ் செய்க என்கிறார். நாயனார்க்கு மகனில்லை. தொல்காப்பியர் கூறிய காவலாகிய மக்கள் இல்லாத முதுமை அது. எனவே மனைவியின் கையைப் பற்றி மூழ்குமாறு பணிக்கின்றார். அதுவோ இயலாதது. வழக்குத் தில்லைவாழந்தணர் அவைக்குச் சென்றது. முடிவில், மூங்கிற்றண்டு ஒன்றின் ஒருமுனையை மனைவியாரும் மறுமுனையைத் தாமும் பற்றிக் குளத்தில் இறங்குகின்றனர். யோகியார் விடவில்லை, கைப்பற்றியே மூழ்க வேண்டும் என வற்புறுத்துகிறார். அப்போதுதான் நாயனார், பல்லாண்டு அயலறியாது காத்த பழைய செய்தியைக் கேட்டோர் யாவரும் அறியக் கூறுகின்றார். கூறி மூழ்கியவர்கள் இளமை பெற்று எழுந்தனர்.

இங்கே வரிசைமுறை நோக்கத்தக்கது. இளமை வந்தபின் உண்மை வெளிப்படவில்லை. உண்மை வெளிப்பட்டபின்னரே இளமை வந்தது. ஓடு திருடினீர் என்னும் பொய்வழக்கு, அவர் மறைத்து வைத்திருந்த மெய்வழக்கை வெளிக்கொணரும் கருவியாயிற்று. இறைவன் வேண்டியது ஓடன்று, அச்சொல்லேயாம். தொடித்தலை விழுத்தண்டினாரின் முதியவர் மடுவிற் பாய்ந்த இளமையை நினைவிலே கண்டு வருந்தினார். நாயனாரோ தளர்ந்த காலத்தில் மனைவியாரோடு குளத்தில் மூழ்கி இளமையைப் பெற்றார். முன்னவர் கையில் இருந்தது தனிக்கோல். பின்னவர் கையில் இருந்தது இருவர் பற்றிய தண்டு. இவ்விரு பாடற் பகுதிகளையும் ஒப்பவைத்துக் கற்பார்க்கு, முதுமையில் துணை என்பதன் பொருள் இனிது விளங்கும்.

இவ்விளமை மீட்சியை அற்புதம் என்று மட்டும் கொண்டு அமைவாரும் உளர். அற்புதம் அற்புதமே, ஆயினும் புராணத்து அற்புதங்கள் வாழ்க்கையின் உண்மையைப் பெரிதுபடுத்திக் காட்டும் கண்ணாடிகள். உள்ளத்தில் அழுந்திய பழம்பிணக்கு நீங்கியபோது முதியோர் உடலும் முகமும் தெளிவடைதலை எவ்வூரிலும் காணலாம். இருபத்தோராம் நூற்றாண்டின் ஆய்வாளரும் இவ்வுண்மையை வேறு நெறியால் அணுகியுள்ளனர். 1938ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நெடுங்கால ஆய்வின் தொடர்ச்சியாக, உவால்டிங்கர், சூல்சு என்னும் இருவர் எண்பது வயதை அடுத்த 47 இணையரை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். உடல்நலம் குன்றிய நாட்களில், மணவாழ்வில் நிறைவுடையோரின் மகிழ்ச்சி அத்துணை குன்றவில்லை என்றும், நிறைவில்லாதோர்க்கு உடல்நோவோடு உளநோவும் சேர்ந்தே வந்தது என்றும் அவர்கள் கண்டனர். நோயை நல்ல மணம் நீக்குவதன்று. நோய் உள்ளத்துட் புகாதவாறு தடுப்பது என்று இதன் கருத்தைச் சுருக்கிக் கூறலாம்.

2014ஆம் ஆண்டில் டெபோரா கார் என்னும் சமூகவியல் அறிஞரும் அவர்தம் துணைவரும் அமெரிக்க நாட்டு 394 இணையரை ஆராய்ந்து வெளியிட்ட முடிபு இன்னும் நுட்பமானது. தன் மணம் நன்று என்று கணவன் கருதுவது அவன் வாழ்க்கை நிறைவுக்கு உதவுகிறது. ஆனால் மனைவியும் அவ்வாறே கருதும்போதுதான் அந்நிறைவு ஓங்குகிறது. மனைவி மனங்குறைந்திருப்பின் கணவனின் நற்கருத்து அவனுக்குப் பெரும்பயன் தருவதில்லை. மனைவி நிறைவோடிருப்பின் கணவனுக்கு அவள் செய்யும் நன்மைகள் பல. குறைவோடிருப்பின் அவள் அதனைப் பேசாமலே காட்டிவிடுகின்றாள் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். மேலும், கணவர் நோயுற்றபோது மனைவியர் மகிழ்ச்சி குன்றிற்று. மனைவியர் நோயுற்றபோது கணவர் மகிழ்ச்சி அவ்வாறு குன்றவில்லை என்பதும் அவ்வாய்வு கண்டது. பேணும் சுமை பெண்டிர்மேலே விழுதலே இதற்குக் காரணமாகலாம். மாசாத்துவானுக்குத் துறவும் அவன் மனைவிக்கு மரணமும் விதித்த காப்பிய உலகம் முற்றும் பழைமையாகிவிடவில்லை என்பது இதனால் அறியக்கிடக்கின்றது.

இவ்வுண்மைகளை மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை ஊர்களோடு பொருத்திக் காண்டல் வேண்டும். தாய்வழிக் குடிமுறை இந்நாட்டின் தனிச்சிறப்பு. முக்குவர் வழக்கிலிருந்த பெண்வழி உரிமைச் சட்டத்தை 1876ஆம் ஆண்டிற் பிரிட்டோ நூலாக வெளியிட்டார். அச்சட்டம் வழக்கொழிந்தபின்னரும், வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்லும் முறை நிலைத்துள்ளது. ஆண்மகன் மணம் புரிந்ததும் மனைவியின் வீட்டிற்குச் செல்கிறான். மகளுக்கு மணமானதும் பெற்றோர் வீட்டை அவளுக்கு விட்டு, அதே வளவிலோ அணித்தாகவோ அமைந்த சிறுவீட்டுக்கு ஒதுங்குவது பெருவழக்கு. மானிடவியல் அறிஞர் தெனிசு மக்கில்வ்றே இக்கிழக்கிலங்கைச் சமூக அமைப்பைப் பல்லாண்டு ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் விரிவான நூலாக வெளியிட்டுள்ளார்.

இவ்வழக்கம் பெண்ணுக்குப் பெருங்காவல் என்பது வெளிப்படை. தன் தாய், தமக்கை, தங்கையர் சூழத் தன் வீட்டிலேயே வாழும் பெண் எளிதிற் கைவிடப்படாள். ஆயின் இவ்வழக்கத்தின் மற்றொரு முகம் முதுமையிலே தோன்றுவது. பிறந்த வீட்டைத் துறந்து வந்த ஆண்மகன், முதுமையில் மகளுக்கு உரியதாகிவிட்ட வளவில் வாழ்கின்றான். வீட்டுரிமை அவனுக்கில்லை, உழைக்கும் வலியும் குறைந்துவிட்டது. அவனுக்கு அங்கே எஞ்சிய உரிமை, அவன் மனைவியின் உள்ளத்தில் அவன் பெற்றுள்ள இடமேயாம். மனைவியை மதித்து வாழ்ந்தவனை மகளும் மதிப்பாள்; தாயின் கண்ணீரைக் கண்டு வளர்ந்த மகள் தந்தைக்குச் சோறிடினும், அச்சோற்றில் மதிப்புக் குறைந்திருக்கும். இறந்த காலத்தின் பயன் என்று தொல்காப்பியர் கூறியது இச்சிறுவீட்டிலே கண்கூடாகின்றது. அங்கே பெரிய வீட்டின் அலுவல்களில்லை. மறைந்து கொள்ளும் அறைகளுமில்லை. நாற்பதாண்டு பேசாது வைத்த பேச்சு, அச்சிறுவீட்டில் இருவர்க்கும் நடுவே மூன்றாமவராய் வந்து அமரும்.

காலத்தின் மாற்றங்கள் இந்நிலையை மேலும் கடினமாக்கியுள்ளன. இலங்கையில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் தொகை 2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேற்பட்டது. அவ்விகிதம் தொடர்ந்து உயர்கின்றது. 2009ஆம் ஆண்டில் முடிந்த நெடும்போர் இப்பகுதியில் மிகப்பல பெண்களைத் துணையிழக்கச் செய்தது. பல இளைஞரைக் கடல் கடக்கச் செய்தது. மத்தியகிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற மகளிரும் பலர். காவலாகிய மக்கள் தொலைவில் வாழ, கிழவனும் கிழத்தியுமே ஒருவர்க்கொருவர் காவலாகும் நிலை பல வளவுகளில் உள்ளது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. பின்னர்க் கட்டப்பட்ட வீடுகளின் உறுதி குடும்பத்தலைவர் என்ற பெயரால் ஆடவர்க்கு எழுதப்படும் நிலை எழுந்தபோது, பெண்வழி வீட்டுரிமை வழங்கிய ஊர்களில் அது முரண்பாடாயிற்று. வீட்டுரிமையின் காவலும் தளருமாயின், முதிய பெண்ணுக்கு மணத்தின் தன்மையொன்றே காவலாக எஞ்சும். அம்மணமும் நன்றாக அமையாவிடின் அவள் நிலை இரங்கத்தக்கதே.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். மணமே முதுமையின் நலத்துக்குத் தனிக்காரணமாயின், துணையிழந்தோரும் மணம் புரியாதோரும் நலம் பெறாரோ என்பது அது. அவ்வாறு கூறுதல் உண்மைக்கு மாறாகும். சுற்றமும் தொண்டும் இறைநெறியும் பலரைத் தாங்கி நிற்கின்றன. தொல்காப்பியரும் அறம்புரி சுற்றத்தைத் தனியே எடுத்துரைத்தார். இங்கே வலியுறுத்தப்படுவது மணத்தின் இன்றியமையாமையன்று. மணம் இருப்பின் அதன் தன்மையின் இன்றியமையாமையே. கெட்ட மணத்தினும் தனிமை நன்றாதல் கூடும். ஏனெனில் தனியாயிருப்பார்க்கு அயலார் துணையாவர். அயலறியாது துன்புறுவார்க்கு யாவர் துணையாவர்?

இனிக் குடும்ப விளக்கு. பாரதிதாசன் இதனை ஐந்து பகுதிகளாகப் பாடினார். ஒருநாள் நிகழ்ச்சியிலே தொடங்கி, விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு எனச் சென்று, 1950ஆம் ஆண்டில் வெளிவந்த முதியோர் காதல் என்னும் பகுதியில் அது நிறைவடைகிறது. முதியோர் காதல் என்னும் அப்பெயரே தமிழ்க்கவிதை வரலாற்றில் துணிவான ஒரு செயல். காமம் முடிந்த கடைக்காலம் என்று இலக்கணம் கூறிய பருவத்துக்குக் காதல் என்று கவிஞர் பெயரிட்டார். முதியவராகிய மணவழகர், தம் மனைவி தங்கத்தின் மேனி வாடியதையும் நடை தளர்ந்ததையும் மறைக்காமலே கூறி, அவள் உயிரோடிருக்கின்றாள் என்ற ஒன்றே தமக்கு இன்பம் என்கின்றார். அழகையோ பணிவிடையையோ காரணமாகக் கூறாமல், இருத்தலையே இன்பமாகக் கூறிய இவ்விடம் இந்நூலின் கொடுமுடி.

ஆயினும் இந்நூலையும் அளந்து காண்டல் திறனாய்வின் கடன். முதற்பகுதியிற் காணும் தங்கம் விடியலில் எழுந்தது முதல் ஓயாதுழைக்கும் நிறைமனைவி. அவள் கல்வியும் திறமும் போற்றப்படுகின்றன; அவள் சலிப்பு எங்கும் பேசப்படவில்லை. குறையே காட்டாத ஒரு மணத்திலிருந்து குறையில்லாத முதுமை விளைதல் எளிது. கண்ணகியின் பொய்ம்முறுவலையும் நீலகண்டர் மனைவியாரின் ஆணையையும் கற்றோர்க்கு, தங்கத்தின் மகிழ்ச்சி ஓரளவு எளிதாகப் பெற்றதாகவே தோன்றும். ஆதலின் குடும்ப விளக்கு சேருமிடத்தைக் காட்டுகின்றது. நீலகண்டர் புராணமே அதற்குச் செல்லும் கரடுமுரடான வழியைக் காட்டுகின்றது என்று கூறல் பொருந்தும். இரண்டையும் சேர்த்துக் கற்பதே நன்று.

மணவாழ்வில் நொந்த பெண்ணிடம், கண்ணகியைப் போலப் பொறுத்திரு என்று கூறும் வழக்கம் ஊர்களில் உண்டு. அவ்வறிவுரையைக் கூறுவோர் காப்பியத்தை முழுவதும் கற்றாரல்லர். கண்ணகியின் பொறுமை கோவலனைக் காக்கவில்லை, முதியோர் நால்வரைக் காக்கவில்லை, மதுரையையும் காக்கவில்லை. வாவிக்கரை மக்கள் வணங்குவதும் பொறுத்திருந்த கண்ணகியையன்று, வழக்குரைத்த கண்ணகியையே. அவர்கள் கோயிலிற் படிக்கும் ஏட்டுக்கு வழக்குரை என்பதே பெயர். பொறுமை அறமாவது, பிழைத்தவர் தம் பிழையை உணர்ந்து திருந்துதற்கு இடங்கொடுக்கும்போது; அவ்விடமின்றி வெறுமனே மறைத்திருக்கும்போது அது முதுமைக்கென்று சேமித்து வைக்கும் நஞ்சாகும். நஞ்சைக் கண்டத்தில் நிறுத்துதல் இறைவனுக்கு இயல்வது, மக்கட்கு இயல்வதன்று.

இவ்வாறு நோக்குமிடத்து, தொல்காப்பியர் கூறிய சிறந்ததனைப் பயிலுதல் முதுமையிலே தொடங்கும் செயலன்று என்பது தெளிவாகும். அன்பையும் அறத்தையும் இல்வாழ்க்கையின் பண்பும் பயனுமாக வள்ளுவர் வைத்ததும் இக்கருத்தேபற்றி என்க. பிழை நேர்ந்த நாளிலேயே அதனைச் சொல்லவும், சொல்லியதைக் கேட்கவும், கேட்டதைத் திருத்தவும் பழகிய இணையர்க்கு முதுமை அச்சந்தருவதன்று. வளவின் மூலையில் அமைந்த சிறுவீடும் அவர்க்குப் போதிய உலகமாகும். கணவன் மனைவியர்க்கிடையே நிகழும் நேர்மையான உரையாடலை இளமையின் கடமையாகக் கொள்ளும் சமுதாயமே தன் முதியோர்க்கு நலஞ்செய்யும் சமுதாயம்.